தொகுதி எண்

ஹெர்ரிங் மீனை நிறுத்துக்கொண்டிருந்தேன்.
கடை ரேடியோவில்
வானிலைக்கும் படகு நேரத்துக்கும் நடுவே சொன்னார்கள்:
பன்னிரண்டு கிலோ மூட்டை, ஆட்டிறைச்சியும் அரிசியும்,
சில தொகுதிகளில் வைட்டமின் டி அளவு மீறிவிட்டதாம்.
நாய்க்குக் கொடுக்க வேண்டாம்.
மூட்டையின் அடியில் உள்ள எண்ணைப் பார்க்கவும்.
அறிகுறிகள்: வாந்தி, சோர்வு,
அதிகமாகத் தண்ணீர் குடித்தல்.

தண்ணீர்.
ஒரு மாதமாக அவன் கிண்ணத்தைக் காலி செய்யும்போதெல்லாம்
"சமர்த்து" என்று முதுகில் தட்டியிருக்கிறேன்.

அவன் பெயர் கொபூஸ்தஸ்.
எங்கள் மொழியில் முட்டைக்கோஸ்.
குட்டியாய்க் கொண்டுவந்த அன்று
சாக்கின் மூலையில் அப்படித்தான் சுருண்டு கிடந்தான்.
இப்போது பதினோரு வயது.
எந்தச் சாக்கிலும் அடங்கமாட்டான்.

மூட்டை வீட்டில் இல்லை.
உணவைத் தகர டின்னில் கொட்டிவிட்டு
வெறும் பையை மாடிவீட்டு ப்ரோன்யுஸிடம் கொடுத்திருந்தேன்,
படிகளில் பனி உறைந்தால் தூவுவதற்கு
மணல் போட்டு வைக்கட்டும் என்று.
தட்டினேன்.
பைஜாமாவோடு வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை,
ரொட்டிக் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

வாசலில் கவிழ்த்தோம்.
பாதி மணல் கல்லாகியிருந்தது.
குத்திக் குத்தி உதிர்த்த பிறகு
அடித்தையல் ஓரத்தில் கிடைத்தது எண்:
நான்கு, ஒன்பது, இரண்டு,
கடைசி இலக்கத்தை மணல் தின்றிருந்தது.
ஏழு என்றால் விஷம்,
ஒன்று என்றால் வெறும் சாப்பாடு.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ப்ரோன்யுஸ் "ஒன்று" என்றார்.
கழற்றிவிட்டு "ஏழு" என்றார்.
கொபூஸ்தஸ் மணலை முகர்ந்தான்,
காலைத் தூக்கினான்,
பெய்தான்,
பெய்துகொண்டே இருந்தான்.
நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நிறுவனத்தின் தொலைபேசியில் இருபத்தாறு நிமிடம் பியானோ.
பிறகு ஜலதோஷம் பிடித்த ஒரு பெண்.
"ரசீது இருக்கிறதா?"
"இல்லை."
"கடைசி இலக்கம்?"
"ஒன்றோ ஏழோ."
"படிவத்தில் ஒரு கட்டம்தான் இருக்கிறது."
மூக்கை உறிஞ்சினாள்.
குரலைத் தாழ்த்தி,
"ஏழு என்றே போடுகிறேன்" என்றாள்.

டாக்டர் யொலீத்தா கேட்டார்:
"ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?"
"ஒரு கப்."
"தராசில் ஏற்றுங்கள்."
நாளெல்லாம் தராசோடு வாழ்கிறவள் நான்,
அது எந்தப் பக்கம் பேசும் என்று எனக்குத் தெரியாதா?
"ஒன்றரை" என்றேன்.
அவர் காத்திருந்தார்.
"அப்புறம் இரவில் ஒரு கை."
நான்கு யூரோ தள்ளுபடியில் வாங்கிய மூட்டை அது.
அந்த நான்கு யூரோவில்தான்
அவ்வளவு தாராளமானேன்.

முன்னங்காலில் ஓரிடம் மழித்து ரத்தம் எடுத்தார்கள்.
கால்சியம் கூடுதல்,
பயப்படும் அளவுக்கு இல்லை,
பயப்படாமல் இருக்கும் அளவுக்கும் இல்லை.
இரண்டு நாள் சொட்டு மருந்து.
சிறுநீரகத்தைப் பற்றி
மூன்று வாரம் கழித்துச் சொல்கிறேன் என்றார்.
பில்லை நான்காய் மடித்தேன்.

கூப்பன் ஒன்று தபாலில் வந்தது:
அதே உணவில் இன்னொரு மூட்டை, பாதி விலைக்கு.
ப்ரோன்யுஸ் அதை வாங்கி
ஆடும் மேசைக்கால் அடியில் செருகிக்கொண்டார்.

கண்ணாடிக் கிண்ணத்தில் நீல மையால் கோடு போட்டிருக்கிறேன்.
இரவுகளில் படுத்தபடி எண்ணுகிறேன்:
சளப், சளப், சளப்.
துறைமுகத்தில் கிரேன் நகரும் சத்தம் குறுக்கே வந்தால்
எண்ணிக்கை தவறும்,
முதலிலிருந்து தொடங்க
அவன் மறுபடி குடிக்க வேண்டும்,
குடிக்கக் கூடாது.

இன்று காலை
கோட்டுக்கு மேலே ஒரு விரல் நீர் மிச்சம்.
குனிந்து பார்த்தேன்,
கண்ணாடி போட்டு ஒருமுறை,
கழற்றி ஒருமுறை.
சோறு வைக்கத்தான் குனிகிறேன் என்று நினைத்து
பின்னால் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தான்.