எண் நிற்கும் வரை

செம்பனை ஆலை வாசலில்
லோரிகளை நிறுப்பது என் வேலை.
பீடோங்கிலிருந்து நாலு கட்டை தள்ளி,
ஜெராய் மலை தெரிகிற சன்னல்.
இருபத்திரண்டு வருடமாய் அதே நாற்காலி,
மெத்தையை மட்டும் மூன்று முறை மாற்றினார்கள்.

லோரி தட்டில் ஏறியதும் எண் துள்ளும்.
பதினெட்டாயிரத்து நானூறு,
பதினெட்டாயிரத்து இருபது,
மறுபடி ஏறும்.
எஞ்சினை அணைக்கச் சொல்வேன்.
இறங்கித் தள்ளி நிற்கச் சொல்வேன்.
ஹம்டான் மட்டும் தினமும் கேட்பான்,
"கிராணி, என் எடையா கூடிவிடப் போகிறது?"
நீ மூச்சு விட்டாலும் தட்டுக்குத் தெரியும் என்பேன்.
பொய்தான்.
ஆனாலும் இறங்குவான்.

இன்று மதியம் லோரி வரவில்லை.
கொதிகலன் பழுது.
காதோடு ஒட்டிக் கிடந்த இரைச்சல் நின்றபோதுதான்
இத்தனை நாள் அது இருந்ததே தெரிந்தது.

அறைக்குப் பின்னால்
வெட்ட மறந்த ஒற்றைக் கித்தா மரம்.
ஆகஸ்ட் வெயிலில் காய் வெடிக்கிறது.
டப்.
நேரம் விட்டு, இன்னொரு டப்.
தகரக் கூரையில் ஒரு கொட்டை உருண்டு
என் படிக்கட்டில் வந்து விழுந்தது.

எடுத்தேன்.
காடை முட்டைபோல் மேலெல்லாம் புள்ளி.
என்ன நினைப்பென்று இல்லாமல்
சிமெண்டுத் தரையில் தேய்க்கத் தொடங்கியிருந்தேன்.
லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும்,
இருபது தேய்ப்பில் கொட்டை கொதிக்கும்.
பக்கத்தில் இருப்பவன் தோலில் வைத்தால் அலறுவான்.
அவ்வளவுதான் விளையாட்டு.

என் இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு,
அரிசி அளவு, வெளிறியது.
அண்ணன் குணாளன் சுட்டது.
அப்படித்தான் சொல்லி வந்தேன்,
பள்ளியில், கட்டிக்கொண்டவரிடம், பிறகு மகள்களிடம்.
அம்மாவின் கருமாதியன்று
தோட்டம் கொடுத்த இழப்பீட்டுப் பணம்
பாயில் கிடக்க,
எல்லார் முன்னாலும் கையை நீட்டினேன்:
"அந்த வயசுலயே சுட்டவன்தானே நீ."
அவன் தழும்பைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
செருப்பை மாட்டிக்கொண்டு ஜொகூர் பஸ் ஏறினான்.
ஆறு வருடம்.

இப்போது
வலது கையில் சூடான கொட்டை.
அது தானாகப் போய்
இடது மணிக்கட்டில் உட்கார்ந்தது.
அதே இடம். அதே சாய்வு.
மேயப்போன மாடு
தன் கட்டுத்தறிக்குத் திரும்புவதுபோல.

டப், என்றது மரம்.

ஆயாக்கொட்டகைச் சுவரோரம்
எனக்கு ஏழு, அவனுக்கு ஒன்பது.
"வேணாம் தவா, தோல் உரியும்."
"எனக்கு ஒண்ணும் வலிக்காது, பாரு."
வைத்துக்கொள்கிறேன். அழுத்துகிறேன்.
அவன்தான் தட்டிவிடுகிறான்.
அவன்தான் எச்சில் தொட்டு ஊதுகிறான்.
அம்மா துடைப்பக்கட்டையோடு வந்ததும்
நான் அழுதபடி அவனைக் காட்டுகிறேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
முதுகில் நாலு வாங்கிக்கொண்டான்.

எங்கே கிடந்தது இது?
இரைச்சலுக்கு அடியிலா?
இதுவும் நான் இப்போது கட்டுகிற கதையோ
என்று ஒரு கணம் நினைத்தேன்.
கை மட்டும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.
மறந்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது.
நிறுக்கும்போதெல்லாம் ஒருத்தி
தட்டிலேயே நின்றிருக்கிறாள், இறங்காமல்.
அவள் எடையையும் சேர்த்தே
அவன் பேரில் எழுதி வந்திருக்கிறேன்.

அவன் எண்ணை அழுத்தினேன்.
மணி அடித்தது.
அடித்து ஓய்ந்தது.
மலையில் மேகம் பாதி வழி இறங்கி
என்ன நினைத்ததோ, அங்கேயே நின்றுவிட்டது.

மூன்றரைக்கு ஆலை உறுமத் தொடங்கியது.
ஹம்டானின் லோரி ஏறியது.
இன்று நான் சொல்லும் முன்பே இறங்கி
நிழலில் நின்று தீப்பெட்டி தேடுகிறான்.
எண் துள்ளுகிறது.
மணிக்கட்டில் புதிதாய் ஒரு சிவப்பு.
கைப்பேசி மேசையில், முகம் மேலே பார்க்க.
பேனாவை
இன்னும் தொடவில்லை.