ஐஸ் பில் புத்தகத்தின் பின்பக்கம்

முதல் நாளை இன்னும் எழுதவில்லை.
நான்காம் நாளிலிருந்துதான் ஆரம்பித்தேன்.
குதிரை வருகிற நாள் அது.

முதுநகர் துறைமுகத்துக்குப் பின்னால்
ஐஸ் கம்பெனியில் எனக்குக் கணக்கு வேலை.
பதினாறு வருஷமாக
ஐம்பது கிலோ பார், ஐம்பது கிலோ பார் என்று
எண்ணி எண்ணிப் படகுக்கு அனுப்புகிறேன்.
அம்மோனியா வாடை
புடவையோடு வீட்டுக்கு வந்து
என் தட்டில் முதலில் உட்காரும்.

யாரும் உறையவைக்காத ஐஸை
ஒரு தடவை பார்க்கணும் என்றேன் செசிலியாவிடம்.
அவள் சிரிக்கவில்லை.
கிர்கிஸ்தான், என்றாள்.
பூகோளம் எடுப்பவள்
வாய்க்கு வந்ததைச் சொல்ல மாட்டாள்.

பாஸ்போர்ட் விசாரிக்க வந்த போலீஸ்காரர்
பூங்காவனம் யாரு, துபாய்க்கா, வீட்டு வேலையா என்றார்.
மலை ஏற, என்றேன்.
இங்கதான் கேப்பர் மலை இருக்கேம்மா.

இருக்கிறது. மலை என்று பேர் வைத்தவன்
தாராள மனசுக்காரன்.
ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் செம்மண் மேட்டில்
முதுகில் பன்னிரண்டு கிலோ ரேஷன் அரிசியோடு
ஆறு முறை ஏறி ஆறு முறை இறங்குகிறோம்.
ஜெயில் மதிலை ஒட்டித்தான் பாதை.
உள்ளேயும் யாரோ நாள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.
நான் எண்ணுவது ஒன்பது.

இரண்டாம் நாள்: பிஷ்கெக்கிலிருந்து கரகோலுக்கு வேன்.
ஏழு மணி நேரம்.
ஜன்னல் சீட் யாருக்கு என்று முடிவாகவில்லை.

மூன்றாம் நாள்: ஓய்வு.
இத்தனை காசு கட்டிப் போய் ஓய்வா? அடித்தேன்.
உயரம் உடம்புக்குப் பழக வேண்டுமாம், மறுபடி எழுதினாள்.
அடித்தேன்.
அந்த இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது.

ஐந்தாம் நாள்: வெந்நீர் ஊற்று, கூடாரம்.
புளித்த குதிரைப்பால் தருவார்களாம், மறுக்கக் கூடாதாம்.
பதிலுக்கு மோர்மிளகாய் நீட்டுவேன்,
அவர்களும் மறுக்கக் கூடாது.

ஆறாம் நாள்: கணவாய்.
மூவாயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர்.
தாண்டினால் கீழே ஏரி.

இங்கேதான் பேனா நின்றது.
ஏப்ரல் பாதியில் தடைக்காலம் தொடங்கும்.
படகெல்லாம் உப்பனாற்றில் கட்டிக் கிடக்கும்,
ஐஸ் கேட்க ஆள் இருக்காது,
முதலாளி தனகோட்டி லீவு தருவது அப்போதுதான்.
கணவாயில் பனி இளகி வழி விடுவதோ ஜூலையில்.
ஜூலையில் ஒவ்வொரு படகும்
என் கையெழுத்துக்குக் காத்து நிற்கும்.

மீன் முட்டையிடும் மாதத்துக்கும்
பனி வழி விடும் மாதத்துக்கும்
பேச்சுவார்த்தையே இல்லை போலிருக்கிறது.

ஜூலையில் கேட்டுப் பார்த்தேன்.
போயிட்டு வா, வேற ஆள் போட்டுக்கறேன் என்றார்
ரொம்பச் சாதாரணமாக.
செசிலியா நேபாளம் என்றாள்,
பிறகு கொடைக்கானல் என்றாள்,
பிறகு பத்து நாள் பேசவில்லை.
சீட்டு எடுத்த பணம்
பீரோவில் அரிசிப் பைக்குப் பக்கத்தில் இருந்தது.

நேற்று மதியம் கரண்ட் போனது.
தொட்டிகளில் பார்கள் மெல்ல வியர்க்கும் சத்தம்.
புத்தகத்தைத் திருப்பி
கணவாய் என்பதை அடித்துவிட்டு எழுதினேன்:

ஆறாம் நாள்: வழி எதுவரை திறந்திருக்கிறதோ அதுவரை.
பனி மூடிய இடத்தில் நிற்பது.
தொடுவது.
எத்தனை பார் தேறும் என்று கணக்குப் போடாமல்
திரும்புவது.

சாயங்காலம் செசிலியா வந்து படித்தாள்.
பரீட்சைத் தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்தாள்.
ஓரத்தில் ஒரு டிக்.
அதற்குக் கீழே:
போடுவாய்.