விடுதலைத் தேதி என்ற கட்டம்

சாவிக்கொத்து என்னிடம் இல்லை.
கான்சாஸ் சமவெளியில், கோதுமைக்கு நடுவே
இரட்டை வேலி போட்ட கட்டடத்தில்
பத்தொன்பது வருஷமாக
நாட்களைக் கூட்டுகிறவள் நான், கழிக்கிறவள்.

ஒழுங்காகப் போன மாதத்துக்கு எட்டு நாள் கழிவு.
வெல்டிங் படித்து முடித்தால் அறுபது.
தட்டை விட்டெறிந்தால் முப்பது திரும்ப ஏறும்.
வார்டன் இடுப்பில் லத்தி தொங்குகிறது;
அடிக்கிற லத்தி என் மேசையில் கிடக்கிறது,
ரப்பர் வைத்த மஞ்சள் பென்சில்.

பதினொரு மாதக்காரன் கோடி மார்ஷ்
பையைக்கூடப் பிரிக்கவில்லை.
பஸ்ஸுக்குக் காத்திருக்கிற எரிச்சலில்
வாரத்துக்கு ஒருவனை அடித்தான்.
பிடுங்கிக்கொள்ள அவனிடம்
அத்தனை நாட்கள் இல்லை.

பிறகு தலைநகரில் கைதூக்கி வாக்களித்தார்கள்:
இனி கழிவு கிடையாது,
தீர்ப்பில் உள்ளது உள்ளபடி.
முந்நூற்றுப் பன்னிரண்டு தாள்களில்
நான்தான் தேதிகளை அழித்துத் தள்ளி எழுதினேன்.
அந்த மார்ச்சில் வெல்டிங் வகுப்பில்
பதினாறு நாற்காலிக்கு நான்கு பேர்.
ஏப்ரலில் சாப்பாட்டுக்கூடம் எரிந்தது.
விசாரிக்க வந்தவர்கள் கேமராப் பதிவைக் கேட்டார்கள்.
என் ரப்பரை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும், ஒருவரும் ஏவாமல்,
கரித்தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தவன்
ஓரின் பிளெட்சோ.
ஆயுள். பரோல் இல்லை.
கட்டத்தைக் காலியாக விடக் கணினி சம்மதிக்காது,
அதனால் அவன் விடுதலைத் தேதி
எட்டு ஒன்பதுகள்.
கூட்டவும் ஒன்றுமில்லை, கழிக்கவும் ஒன்றுமில்லை.
இருபத்து மூன்றில் கொன்றான்.
இப்போது அறுபத்தொன்று.
இவனை எது கட்டிவைத்திருக்கிறது என்று கேட்கிற படிவம்
என் அலமாரியில் இல்லை.
எந்த வருஷத்தில் அந்தப் பையன் இவனானான்
என்று கேட்பதும் இல்லை.

ஜூனில் என் ஜன்னலுக்கு வந்தான்.
"சும்மாதான் மேடம்.
எனக்கு நாற்பது வருஷம் போட்டிருந்தால்,
பழைய கழிவெல்லாம் போக,
எப்போது போயிருப்பேன்?"

போடக்கூடாத கணக்கு.
மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போட்டேன்.
ஒரு வியாழக்கிழமையில் வந்து நின்றது,
ஆறரை வருஷம் பழைய வியாழக்கிழமை.

சீட்டை வாங்கித் தள்ளிப் பிடித்து வாசித்தான்.
"அன்றைக்கு நான் என்ன பண்ணிக்கொண்டிருந்தேன்?"

கோப்பைப் புரட்டிச் சொன்னேன்:
சலவைக்கூடம், காலை முறை.
புகார் எதுவும் இல்லை.