கழித்தல்

கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு வாசல்.
மேல்வாசலில் பளிங்கு, செதுக்கிய பெயர், பித்தளை விளக்கு.
கீழ்வாசலில் மரச்சிலுவை, பெயின்ட்டில் எழுதிய பெயர்;
பனி உருகும் மாதத்தில் பாதி எழுத்து போய்விடும்.
மதிய இடைவேளையில் ரொட்டியைக் கடித்தபடி
இரண்டு பக்கமும் நடப்பாள் நர்ஸ் போக்தானா,
இறந்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்துக்கொண்டு.
மேலே: எண்பத்தொன்று. எழுபத்தெட்டு. எண்பத்தாறு.
கீழே: ஐம்பத்து மூன்று. அறுபது. நாற்பத்தேழு.
ஒரு சிலுவையில் கழிக்கவே எதுவும் இல்லை,
இரண்டும் ஒரே ஆண்டு.

கிழக்கு ஸ்லோவாகியாவின் அந்த மலையடி ஊரை
இரண்டாக்குவது ஒரு தண்டவாளம்.
தாண்ட நாலு நிமிஷம் போதும்.
அந்த நாலு நிமிஷத்தில்
இருபத்தைந்து வருஷம் எங்கே விழுந்தது என்று
யாரும் குனிந்து தேடியதில்லை.
"அவங்க ரத்தம் அப்படி" என்பார் மருந்துக் கடைக்காரர்.
"குடி, புகை, வேறென்ன" என்பாள் தபாலாபீஸ்காரி.
போக்தானாவும் பதினோரு வருஷமாக
நோட்டில் எழுதி வந்தவள்தான்:
அராங்கா, வரவில்லை.
எர்வின், வரவில்லை.
ரோமா குடியிருப்பு, பதினேழு பேர், வரவில்லை.
சிவப்பு மையில். கொஞ்சம் கோபத்தோடும்.

பிப்ரவரியில் ஒருநாள், கைக்குழந்தைக்கு எடை பார்க்கப்
போன இடத்தில், அராங்கா கேட்டாள்:
"சிஸ்டர், உங்க கதவு எட்டிலிருந்து பதினொன்று.
தண்ணி மெஷினும் எட்டிலிருந்து பதினொன்று.
கேனுக்குக் கால் இருக்கா, தானா நடந்து வர?"

பதில் இல்லை.
மறுநாள் விடுப்பு எழுதிவிட்டு
வரிசையில் போய் நின்றாள், ஒரு கேனோடு.
அட்டையைக் காட்டினால் மெஷின் கூவும்,
காசு தீர்ந்த அட்டைக்கு இரண்டு தரம் கூவும்,
பின்னால் நிற்பவர்கள் அப்போது வேறெங்கோ பார்ப்பார்கள்.
இருபது லிட்டர். சேற்றில் அறுநூற்று நாற்பது அடி.
கடைசி மேட்டில் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தாள்.
எண்ணை யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் செவ்வாய், வெள்ளி
அவள் மருத்துவமனை அந்த வரிசைதான்.
மைனஸ் ஒன்பது குளிரில்
ரத்த அழுத்தப் பட்டையைத் தன் கோட்டுக்குள் செருகிச் சூடேற்றி
ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு.
கேன் நிறையும் நேரம் போதும் ஒரு மனிதரைக் கேட்க:
இருமல் எத்தனை நாள், அடுப்பில் என்ன எரிகிறது,
சுவரில் கறுப்பாகப் படர்வது குழந்தை படுக்கும் பக்கமா.

படிவத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம்.
வயிற்றுப்போக்கு, மூன்று குழந்தைகள். காரணம்:
தண்ணீர் மெஷின் பதினொன்றுக்கு மூடுகிறது.
டாக்டர் கோவால்சிக் திருப்பி அனுப்பினார்: "இது நோய் அல்ல."
அதையே திரும்ப எழுதினாள்,
ஒரு நகல் நகராட்சிக்கு.
ஏழாவது தரம் டாக்டர் கையெழுத்தே போட்டுவிட்டார்,
அலுத்துத்தான் போட்டிருப்பார்.

மே மாதம் மெஷின்மேல் புதுத் தாள்: மாலை ஆறு வரை.
மேயர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.
சுவர்கள் இன்னும் கறுப்புத்தான்.
பெயின்ட் பெயர்கள் இன்னும் கரைகின்றன.
கழிப்பது என்றால் கணக்கும்தான், காலமும்தான்;
கீழ்வாசல்காரர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே நடக்கிறது.

எர்வினுக்கு வயது ஐம்பத்தொன்று.
வரிசையில் பட்டை காட்டியது நூற்றுத் தொண்ணூற்றாறு.
தன் காரிலேயே அள்ளிப் போட்டுக்கொண்டு போனாள்,
பாதிக் கேனைப் பின்சீட்டில் வைத்தால்தான் வருவேன் என்றான்.
மூன்று வாரமாக ஆள் இல்லை.
வெள்ளிக்கிழமை, "எர்வின் மாத்திரை சாப்பிடுகிறானா" என்று
அராங்காவிடம் வாயெடுத்தாள்.
கொட்டகை மூலையில் திரும்பி வருகிறான்,
ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே.

அவர்கள் வழக்கில், ஓநாயைப் பேசினால்
ஓநாய் கொட்டகைக்குப் பின்னால் நிற்குமாம்.
வரிசையே சிரித்தது.
நம் பேச்சில் என்றால் நூறு ஆயுசு என்றிருப்போம்.

நூறெல்லாம் வேண்டாம் அவளுக்கு.
கையை நீட்டு என்கிறாள்.
மேல்வாசல் கணக்கு போதும்:
எழுபத்தெட்டு.