ஃபிரிட்ஜின் நான்காம் தட்டு

பஹ்ரைன், குதைபியா, மூன்றாம் மாடி.
ஏழு பெண்கள், ஒரு ஃபிரிட்ஜ்.
அதைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்தேன்.

வேறு வழியில்லை.
வகுப்பில் ஹுசைன் முத்துக்குளித்தவர்களின் பேரன்களைத் தேடிப் போனான்.
பதூல் தன் அத்தை வீட்டு மருதாணி இரவுக்கு.
எனக்கு லாண்டரி கவுண்டரில் எட்டு முதல் ஐந்து,
ஞாயிறும் செவ்வாயும் ஆறரைக்குச் சமுதாயக் கல்லூரி,
வெள்ளி ஒருநாள், அதுவும் என் துணிக்கு.
'ஒரு மக்கள் கூட்டத்தை ஏழு நாள் கவனித்து எழுதுக'
என்றது மானிடவியல் தாள்.
நள்ளிரவில் எனக்காக விளக்கு எரியும் இடம்
ஒன்றுதான் உண்டு.
கதவைத் திறந்தால் எரியும்.

முதல் நாள் குறிப்பு:
மேல்தட்டு ரோஸ்லின், பல் ஆஸ்பத்திரி, குளச்சல்.
தயிர் டப்பாவில் தயிர் இருக்காது, மீன்குழம்பு.
அடுத்தது செலமாவித். புளித்த மாவு
மூடியைத் தானே தூக்கிக்கொண்டு எட்டிப் பார்க்கும்.
மூன்றாவதில் மன்மாயாவும் பத்மசீலியும் பாதிபாதி,
நடுவில் எல்லையாக ஒரு வெள்ளரிக்காய்.
ஃபிரீஸர் ருக்சானாவுக்கும் அவள் தங்கைக்கும்.
கதவில் என் பால்,
பிளாஸ்டர் ஒட்டி 'பிலோமி' என்று எழுதியது.
எல்லாவற்றிலும் பெயர் இருக்கிறது.
உப்புக்கு மட்டும் இல்லை.

நான்காம் தட்டு மரிசெலுடையது.
அவள் போய் ஐந்து மாதம்.
ஊருக்கா, வேறு வீட்டுக்கா, யாரும் சொல்லவில்லை.
ஆராய்ச்சிக்காரி கேட்கலாம்,
பக்கத்துக் கட்டில்காரி கேட்கக் கூடாது.
ஒரு கொத்தமல்லிக் கட்டு வைக்க இடமில்லாமல்
நாங்கள் மூன்று மொழியில் சண்டை போடுவோம்,
அந்தத் தட்டைத் தொடமாட்டோம்.
'விலக்கு' என்று எழுதினேன்.
புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருந்த சொல்,
இங்கே பொருந்தியதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

ஐந்தாம் நாள் அது பொய்த்துப் போனது.
காலையில் தட்டில் இரண்டு முட்டை.
மாலையில் தாளில் சுற்றிய அரை வெங்காயம்.
சம்பளத்துக்கு இன்னும் நாலு நாள்.
இரவு ருக்சானா எடுத்தாள், சமையலறை லைட்டைப் போடாமல்.
சம்பளம் வந்த மறுநாள்
ஒரு பாக்கெட் குபூஸ் வைத்தாள்.
வாங்கியவள் கொடுத்தவளிடம் திருப்பவில்லை,
போனவளிடம் திருப்பினாள்.
இதைப் பார்த்து முடிக்க ஏழு நாள் போதவில்லை.
தாமதத்துக்குப் பத்து மார்க் போயிற்று.

பதினோரு பக்கம் கொடுத்தேன்.
ஓரத்தில் பென்சிலால் ஒரே வரியோடு திரும்பி வந்தது:
'இதில் நீ எங்கே?'
கதவில், பாலாக, எழுதியிருக்கிறேனே
என்று முனகிக்கொண்டே பஸ் ஏறினேன்.
பாப் அல் பஹ்ரைன் தாண்டும்போது உறைத்தது.
பிப்ரவரியில் ஃபீஸ் கட்டிய இரவு
நான் தின்ற மூன்று முட்டை.
பன்னிரண்டாம் பக்கம், நாலு வரி.
அதை எழுதத்தான் அதிக நேரம் ஆனது.

இரண்டு வருடம் கழித்து
பல்கலைக்கழகத்துக்கு மாற்றல் விண்ணப்பம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பையன்,
ஆங்கிலம், கணக்கு, கணினி, டிக், டிக், டிக்.
மானிடவியலில் பேனா நின்றது.
'இதற்குச் சமமான பாடம் எங்களிடம் இல்லையே. என்ன பாடம் இது?'
முதல் பக்க வரையறை எனக்கு மனப்பாடம்.
வாயில் வந்ததோ,
'யார் யாருக்கு முட்டை வைக்கிறாங்கன்னு பாக்குறது.'
அவன் சிரிக்கவில்லை. உள்ளே போனான்.
யாரிடமோ பேசிவிட்டு வந்தான்.
விருப்பப் பாடமாகச் சேர்த்துக்கொள்வார்களாம்,
மூன்று கிரெடிட்டில் ஒன்றரை.

மீதி ஒன்றரை எங்கே போகும் என்று கேட்கவில்லை.
முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன்.

வீடு வந்து கதவைத் திறந்தேன், விளக்கு எரிந்தது.
நான்காம் தட்டில்
மூன்றாம் தட்டின் எல்லை கிடந்தது,
பாதியாக நறுக்கி, உப்புத் தடவி.
நோட்டு மேல்கட்டிலில் இருந்தது.
எடுக்கப் போகவில்லை.
கதவை மூடச் சொல்லி ஃபிரிட்ஜ் கத்தும்வரை
நின்றபடியே தின்றேன்.