ஆயிரத்து எண்ணூற்று நாற்பது சுமை

கதவைச் சாத்த முடியவில்லை.
புகார் அவ்வளவுதான்.
யோங்யாங் மலைச்சரிவில் ஒரு சிறிய பௌத்த மண்டபம்,
மேற்குக் கதவில் நான்கு விரல் இடைவெளி.
துறவி சோல்லாம் அதை நீல நைலான் கயிற்றால்
தூணோடு இழுத்துக் கட்டியிருந்தார்.
"காற்றும் கும்பிட வருகிறது" என்றார்,
சிரிக்காமல்.

நான் தாக் உன்-சோல். மாவட்ட அலுவலகம் அனுப்பிய ஆள்.
மரம் பற்றித் தெரியாது, எண் தெரியும்.
தூக்குக் குண்டை இறக்கினேன்.
வடமேற்குத் தூண்
அறுபத்தொரு மில்லிமீட்டர் வெளியே சாய்ந்திருந்தது,
வராத பேருந்துக்கு
ஒற்றைக் காலில் காத்திருப்பவனைப்போல.

ஓடு வேயும் பியோ கும்-தான் முன்னே ஏறினாள்.
கருத்த ஓடுகள் நாலைப் பெயர்த்தாள்.
அடியில் மண் இருக்க வேண்டும்.
ஒட்டுப்பலகை இருந்தது.
அதற்கும் அடியில்
மீன்பெட்டிக்குள் வைப்பார்களே, அந்த வெள்ளைத் தெர்மகோல்.
"கூரையா இது, குளிர்பெட்டியா?" என்றாள்.

முப்பது வருடங்களுக்கு முந்தைய அறிக்கையை எடுத்துப் பார்த்தேன்:
பழைய கட்டடத்தின் மேல் இரக்கம் கொண்டு
எண்பது டன் மண்ணை இறக்கிவிட்டதாகப் பெருமை.
நல்லவர்கள்தான். பரிதாபப்பட்டிருக்கிறார்கள்.

அங்கே ஆணி கிடையாது.
போதிகைமேல் போதிகை,
அதன் வாயில் உத்திரத்தின் நாக்கு,
கைக்குள் கை கொடுத்த பைன்மரம்.
மேலிருந்து அழுத்திய பாரம்தான்
அத்தனை கைகளையும் கோத்து வைத்திருந்தது.
பாரம் போயிற்று, பிடி விட்டது.
ஒவ்வொரு பனிக்காலமும்
ஒரு நூல், இரு நூல்.

குழுவில் சொன்னேன்.
தலைவர் பேனாவை மூடினார்.
"தள்ளாடுகிறவன் தலையில் மூட்டையை ஏற்றச் சொல்கிறீர்கள்."
ஆமாம் என்றேன்.
நான்கு முறை கணக்குப் போட்டேன்.
இரண்டாம் முறையில் ஒரு புள்ளியை மாற்றி வைத்து
இரவெல்லாம் தூங்கவில்லை, அது வேறு கதை.

துறவி ஒரு கணக்கேட்டைக் கொண்டுவந்தார்,
ஓரங்களை எலி தின்றது.
வைக்கோல் இவ்வளவு, சுண்ணாம்பு இவ்வளவு.
மண், ஆயிரத்து எண்ணூற்று நாற்பது முதுகுச்சுமை.
அரிசிக்கள்: அந்த இடத்தில்தான் எலி.
சுமந்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை.
சுமைக்கு நாற்பத்து நான்கு கிலோ என்று போட்டேன்.
எண்பது டன்னைத் தாண்டிக் கொஞ்சம்.
குழு அன்று மாலை கையெழுத்திட்டது.

சரி, அந்த மண் எங்கே போயிற்று?
பியோதான் கீழே கை காட்டினாள்.
மஞ்சளாய், மழுமழுவென்று, வெள்ளைக் கோடு போட்ட
வாகன நிறுத்தம்.
கூரையின்மேல்
என் கார் நின்றிருந்தது.

தோண்டினோம்.
சுற்றுலாப் பேருந்துகள் எண்ணெய் ஒழுகவிட்ட இடம் கறுத்திருந்தது,
அதை ஒதுக்கி
மூன்று லாரி மண் புதிதாய் வாங்கினோம்.
நறுக்கிய வைக்கோல் போட்டு மிதித்துப் புளிக்கவிட்டபோது
மண்டபம் வரை நாறியது. துறவி ஊதுவத்தியைக் கூட்டினார்.
முதலில் சங்கிலி போட்டுத் தூணை நிமிர்த்தி,
பிறகு இரு பக்கமும் ஒன்றுபோல,
வாளி வாளியாய்.
வலப்பக்கம் ஒரு வாளி கூடினாலும்
பியோ வாயில் வண்டை வண்டையாய் வரும்.

ஏழாம் நாள், நண்பகல்.
டொக்.
எல்லோரும் அப்படியே நின்றோம்.
பியோ தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை.
இன்னொன்று, கிழக்கே.
பிறகு வரிசையாய்,
நெடுநேரம் உட்கார்ந்திருந்த ஒருவர்
பத்து விரலிலும் சொடக்கு எடுப்பதுபோல.
நான் அளவுமானியைப் பார்த்தேன்.
முள் திரும்பி வந்துகொண்டிருந்தது.

கதவு? முழுக்கச் சாத்தவில்லை.
ஒரு விரல் மிச்சம்.
இழைத்துச் சரிசெய்யலாம் என்றேன்.
பூனைக்கு அது போதாது, எனக்கு அது போதும் என்றார் துறவி.
நீலக் கயிற்றில் இப்போது அவர் துணி காய்கிறது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்கப் போகிறேன்.
நிறுத்தம் இருந்த பள்ளத்தில் மழைநீர், தவளை.
காரைக் கீழே ஆற்றுப்பாலத்தருகே விட்டுவிட்டு
கருவிப் பெட்டியை முதுகில் கட்டி
ஏறுகிறேன்.
பதினாறு கிலோ.
மேடு செங்குத்தாகும் இடத்தில்
கால் நன்றாக ஊன்றுகிறது.