பதினேழாவது ஆள்

காலை ஐந்து நாற்பதுக்குக் கோஷித்சேயில் ரயில் ஏறினோம்.
தினமும் டிராம் ஓட்டுகிறவளுக்கு
வேறொருவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்திருப்பதே
பாதி விடுமுறை.
ஆனாலும் நிலையம் நெருங்கும்போதெல்லாம்
என் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடுகிறது.

எதிரே ஷ்டெஃப்கா.
மடியில் இரண்டு மழைக்கோட்டு, ஒரு பை செர்ரி,
நாலாக மடித்த நிகழ்ச்சி நிரல்.
அறுபது பெயர்களில் ஒன்றை மட்டும்
பச்சை மையால் வட்டமிட்டிருந்தாள்:
நான்கு இருபது, சிறிய மேடை.

பதினோரு வருடம் பேசிக்கொள்ளாத நான்கு பேர்
இன்று சேர்ந்து வாசிக்கப்போகிறார்கள்.
ஏன் பிரிந்தார்கள் என்பதற்கு
ஆளுக்கொரு கதை.
நாங்களும் பேசாமல் இருந்திருக்கிறோம்,
இரண்டு வருடம்,
ஒரு சைக்கிளுக்காக.

பழைய விமானத் தளம் அது.
ஓடுபாதைக் காங்கிரீட்டின் விரிசல்களில் சீமைச்சாமந்தி.
வாசலில் நின்ற பையன்
மணிக்கட்டில் துணிப்பட்டையை இறுக்கிவிட்டு
"இனி வெட்டினால்தான் கழலும்" என்றான்.
எனக்குக் கல்யாணம் செய்துவைத்த பாதிரியார்கூட
இவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை.

வெயில்.
பூண்டு தேய்த்த லாங்கோஷ், முழங்கை வரை எண்ணெய்.
மறுபடி வெயில்.
நான்கு மேடைக்கும் நடுவே ஓரிடத்தில் நின்றால்
ஒருவன் முரசுக்கு வேறொருத்தி பாடுகிறாள்,
மூன்றாவது ஆள் சம்பந்தமே இல்லாமல் ஊதுகிறான்.
யாரும் எழுதாத அந்தப் பாட்டு
நான் நின்ற மூன்றடிக்குள் மட்டும் கேட்டது.
நகர்ந்தேன், போய்விட்டது.

மூன்று மணிக்கு மழை.
எள் விழ இடமில்லை என்பார்களே,
இங்கே ஒரு துளி தரையைத் தொட
யாராவது தோளை விலக்க வேண்டியிருந்தது.
அப்பன் தலைமேல் உட்கார்ந்த ஒரு குழந்தை
ஆரஞ்சு நிறக் காதுமூடியோடு
நனைந்தபடி தூங்கியது.

பிறகு, இரண்டு பெரிய கிளாஸ் கோஃபோலாவின் பலன்.

நான்கு ஐந்துக்கு வரிசையில் நின்றேன்.
எண்ணிப் பார்த்தேன், பதினேழாவது ஆள்.
தலைக்கு ஒரு நிமிடம் என்றால்,
ஐந்து கதவு என்றால்...
கால அட்டவணையிலேயே பிழைப்பு நடத்துகிறவள் நான்,
கணக்குச் சரியாகத்தான் இருந்தது.
பூட்ஸைக் கழற்றி மாட்டும் மனிதர்களை அதில் சேர்க்கவில்லை.

சரியாக நான்கு இருபது.
பதினோரு வருடம் தாமதித்தவர்கள்
ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை.

முதலில் அந்தப் பாட்டுத்தான்.
நீலப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் நான்.
பாஸ் கிதாருக்குத் தாழ்ப்பாள் நடுங்குகிறது.
வெளியே கதவைத் தட்டுகிறார்கள்,
அதுவும் தாளத்தில்.
முதல் வரியைப் பாடகன் பாடவில்லை,
கூட்டத்திடம் விட்டுவிட்டான்.
கூட்டம் என்றால் நானும்தானே.
ஒரு கையில் பேன்ட் பொத்தான்,
மறு கையில் காகிதச் சுருள்,
பாடினேன்.
பக்கத்துப் பெட்டியிலிருந்து ஓர் ஆண்குரல்
கீழ்ச்சுருதியில் வந்து சேர்ந்தது,
பிசகாமல், கடைசி வரி வரை.

கதவுகள் திறந்தன.
யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை.
எல்லோரும் மிகுந்த அக்கறையோடு கை கழுவினோம்.

திரும்பி வந்தபோது ஷ்டெஃப்காவின் கண்மை
தாடை வரை வழிந்திருந்தது.
"டிரம்மர் அவனைப் பார்த்துச் சிரித்தானே, கவனித்தாயா?"
"ம்" என்றேன்.
"எங்கே நின்றாய்?"
"பின்னால்தான்."
பொய் இல்லை.

இரவு பெரிய மேடையில் பெரிய பெயர்கள்.
பாதங்கள் வலித்தது மட்டும் நினைவிருக்கிறது.

கடைசி ரயிலில்
நடைபாதையெல்லாம் சேறு, பாதி ஊர் உறக்கம்.
சைக்கிள் பேச்சை அவள் எடுக்கவில்லை.
நானும்.
பொப்ராட் தாண்டும்முன் அவள் தலை
என் தோளில் சாய்ந்துவிட்டது.
ஒவ்வொரு வளைவுக்கும்
என் வலது கால் இல்லாத பிரேக்கை
மெல்ல, மிக மெல்ல அழுத்தியது,
அவள் விழித்துவிடாமல்.